வன்னியில கொட்டில் போடப்போறீங்களோ? முதல் கதிரையத் தூக்கிக்கொண்டு வெளிய வாங்கோ

2013 இல நான் வீட்டோட சேத்து மேற்குப் பக்கமா ஒரு பத்தி இறக்கினனான். பதினைஞ்சடி நீளம், தகரக் கூரை, கீழ சீமெந்து இழுத்து சிவப்புப் பூச்சும் போட்டு ரெண்டு வாங்கும் வாங்கி வைச்சு பாக்க வடிவாத்தான் இருந்தது. ஆனா பின்னேரம் மூண்டு மணிக்கு அதுக்குள்ள போய் இருந்தா போறணைக்குள்ள பாண் வெந்த மாதிரி வேகலாம். மழை வந்தா தகரச் சத்தத்தில பக்கத்தில இருக்கிற ஆள் கதைக்கிறது கேக்காது. ஆறு மாசத்தில அது விறகும் சைக்கிளும் வைக்கிற இடமாப் போச்சு, வீட்டுக்கு வாற சனமெல்லாம் பழையபடி முத்தத்து வேம்புக்குக் கீழதான் கதிரையப் போடும். அந்த வேம்புக்கு நான் ஒரு சதம் செலவழிக்கேல்லை.

அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டு, தெரிஞ்ச ஆக்களுக்கு நாலஞ்சு எண்டு முத்தத்தில காத்தாட இருக்கிற திறந்த ஓலைக் கொட்டில் போட நிண்டு பாத்ததில கொஞ்சம் பிடிபட்டிருக்கு. புதுசா வன்னிக்கு வந்து காணி துப்பரவாக்கி வீடு கட்டுற ஆக்கள், வெளிநாட்டில இருந்து வந்து அப்பா அம்மாவுக்கு இருக்க ஒரு இடம் செய்து குடுக்க நினைக்கிற பிள்ளையள், எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான்: எவ்வளவு முடியும்? நான் சொல்லுறது, அத கடைசியாக் கேளுங்கோ. எங்க போடுறது, எந்தப் பக்கம் திறந்து விடுறது எண்டது பிழைச்சா எவ்வளவு போட்டாலும் என்ர பத்தி மாதிரித்தான் வந்து முடியும். (விலை நான் இதில எழுதவும் இல்லை, கிழமைக்கு ஒரு விலை சொல்லுறாங்கள்.)

வெளிய ஒரு இடம் ஏன் அவ்வளவு முக்கியம் எண்டா, இஞ்ச கனபேருக்கு இருக்கிறது வீட்டுத்திட்ட வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தில கட்டினது ஏறத்தாள 550 சதுர அடி, அதுக்குள்ள ரெண்டு அறை, ஹோல், குசினி. சித்திரை வைகாசியில சுவரெல்லாம் சூடேறி ராத்திரி பத்து மணிக்கும் வெக்கை விட்டுக்கொண்டிருக்கும், நெல்லுக் காயப்போட்டு அள்ளுறது, பிள்ளையள் படிக்கிறது, கலியாணம் பேச வாறது, எல்லாம் வெளியிலதான் நடக்கும்.

முதல் வேலை: இருந்து பாக்கிறது

ஒரு கதிரைய எடுத்துக்கொண்டு போய் நீங்கள் நினைக்கிற இடத்தில விடிய ஏழு மணிக்கு, மத்தியானம், பின்னேரம் நாலு மணிக்கு எண்டு மூண்டு தரம் இருங்கோ. ஒரு நாள் காணாது. குறைஞ்சது ஒரு சோளகக் காத்து ஒரு மாரி மழை பாத்திட்டுப் போட்டா நல்லம், அவ்வளவு பொறுக்க ஏலாதெண்டா பக்கத்து வளவு வயசுபோன ஆக்களக் கேளுங்கோ, எந்தப் பக்கத்தால சாரல் அடிக்கும், தண்ணி எவ்வளவு ஏறும் எண்டு அவையளுக்கு மனப்பாடம்.

காத்து ரெண்டு. வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் தென்மேற்கால அடிக்கிறது சோளகம், மழை இல்லாத காஞ்ச காத்து, புழுதியும் கொண்டுவரும் ஆனா அதுதான் எங்களக் காப்பாத்துறது. ஐப்பசிக்குப் பிறகு மழையோட வடகிழக்கால வாறது வாடை. இந்த ரெண்டுக்கும் இடையில பங்குனி சித்திரையில காத்தே இல்லாத ஒரு காலம் இருக்கு, ஒரு இலை ஆடாது, உடம்பு அவியும், அப்பதான் உங்கட கொட்டில் நல்லதோ கூடாதோ எண்டு தெரியும்.

இனி வெயில். இத கனபேர் கவனிக்கிறேல்லை. வன்னியில சித்திரை வருசப்பிறப்பு நாளையில மத்தியானம் முத்தத்தில நிண்டு பாருங்கோ, உங்கட நிழல் காலடிக்குள்ளயே நிக்கும், சூரியன் நேர உச்சியில. அதுக்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்காலதான் நிக்கிறது, படுறதும் வடமேற்குப் பக்கமா. அப்ப என்ன நடக்குதெண்டா, சோளகம் அடிக்கிற மாசங்களில காத்து வாறது தென்மேற்கால, பின்னேர வெயில் சுடுறது மேற்கு, வடமேற்கால. ரெண்டும் ரெண்டு திசை! வெயில மறைக்கிறம் எண்டு மேற்குப் பக்கம் முழுக்க ஒரேயடியா அடைச்சுக் கட்டினா காத்தையும் சேத்து அடைச்சுப் போடுவீங்கள், நான் கண்ட கொட்டில்களில பாதி இந்தப் பிழைதான். மேற்கையும் வடமேற்கையும் மறையுங்கோ, தெற்கையும் தென்மேற்கையும் திறந்து விடுங்கோ.

அடுத்தது தடியும் கயிறும்

பேப்பரில படம் கீறுறதுக்கு முதல் நாலு தடிய நட்டு கயிறு கட்டி நிலத்திலயே கொட்டிலக் கீறிப் பாருங்கோ. நடுத்தரக் குடும்பத்துக்கு 12 அடிக்கு 16 அடி தாராளம், ஒரு பாய், அஞ்சாறு கதிரை, ஒரு ஊஞ்சல் கொள்ளும். அதவிடப் பெருசாப் போட்டா நடு இருட்டாப் போகும், ஓலையும் கனக்கத் தின்னும். முகடு கிழக்கு மேற்கா ஓடட்டும். அப்பிடி எண்டா நீளப் பக்கம் ரெண்டும் வடக்கும் தெற்கும், குறுகின பக்கம் மட்டும்தான் மேற்கு வெயிலுக்கு முகம் காட்டும், அந்தப் பக்கத்துக்கு ஒரு கிடுகுத் தட்டி (பின்னின தென்னோலை மறைப்பு) கட்டினாலே காணும்.

வீட்டோட ஒட்டிப் போடாதேங்கோ. சுவரின்ர சூட்ட வாங்கி உங்களுக்குத் தரும், ஓலைக்கு நெருப்புப் பிடிச்சாலும் வீட்டோட போகும். பத்துப் பதினைஞ்சடி தள்ளி, ஆனா குசினியில இருந்து தேத்தண்ணி ஆறாமக் கொண்டுவரக்கூடிய தூரம். என்ர மனுசி சொன்ன அளவு அது, இண்டைக்கும் அதத்தான் நான் பாவிக்கிறன்.

வெளியில விறகடுப்பு வைக்கிறதெண்டா அத இருக்கிற கொட்டிலுக்கு வடகிழக்குப் பக்கமா வையுங்கோ. ஓலை காஞ்சு கிடக்கிற காலம் சோளக காலம், காத்து தென்மேற்கால வாறதால பொறி பறந்தாலும் கொட்டிலப் பாத்து வராது, புகையும் வராது. மாரியில மட்டும் புகை இஞ்சால திரும்பும், அது நுளம்புக்கு நல்லம்தானே எண்டு விடவேண்டியதுதான்.

மரம்

காணி துப்பரவாக்கேக்க ஜேசிபிய விட்டு எல்லாத்தையும் வழிச்செடுத்திட்டு பிறகு நிழலுக்கு பச்சை நெற் (வலை) வாங்கிக் கட்டுற ஆக்களப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும். ஒரு வேம்பு நல்ல நிழல் தர பத்து வருசம் எடுக்கும். நிக்கிற வேம்பு, பாலை, புளி, இலுப்பை எதையும் கை வைக்காமல் மெசின்காரனுக்கு முதலே சிவப்புத் துணி கட்டிக் காட்டிவிடுங்கோ. பாலைக்குக் கீழ இருக்கிற குளிர்ச்சி எந்தக் கூரையும் தராது, பழக் காலத்தில குருவிச் சத்தமும் பிசுபிசுப்பும் இருக்கும், சகிக்க வேணும்.

ஒண்டும் நிக்கேல்லை எண்டா மேற்கு, வடமேற்கு எல்லையில இண்டைக்கே வேம்பு ரெண்டு வையுங்கோ, நடுவில கெதியா வளர ஜாம் பழ மரம் ஒண்டு. ஜாம் மரம் ரெண்டு மூண்டு வருசத்தில குடை மாதிரி விரியும், ஆனா கொப்பு பெலன் இல்லை, வௌவாலும் வரும், வேம்பு எழும்பினாப் பிறகு தறிச்சுவிடலாம். தென்னைக்குக் கீழ கதிரை போடாதேங்கோ, இதச் சொல்லத் தேவையில்லை எண்டு நினைச்சன், போன வருசம் ஒரு ஆளின்ர புது மேசையில தேங்காய் விழுந்து பலகை பிளந்து கிடந்ததப் பாத்தாப் பிறகு எழுதுறன்.

மரம் வளரும் வரைக்கும் பந்தல் நல்ல வழி. நாலு ஜீஐ பைப்பும் கம்பி வலையும் போட்டு பாசன் பழக் கொடி ஏத்தினா ஒரு வருசத்தில மூடிப்போடும். இலைக்குள்ளால காத்துப் போறதால தகரம் மாதிரிக் கொதிக்காது. கடதாசிப் பூவும் ஏத்தலாம், முள்ளு குத்தும்.

நிலம்

2018 மார்கழி வெள்ளத்தில கிளிநொச்சி முல்லைத்தீவில எந்த வளவில எவ்வளவு தண்ணி நிண்டதெண்டு அயலில கேளுங்கோ. அந்த அடையாளத்துக்கு மேல ஒரு அடி வரக் கிறவல் போட்டு உயத்துங்கோ. ஒரேயடியா ரிப்பரால கொட்டி மட்டப்படுத்தினா முதல் மாரியில இறங்கும், அரை அடிக்கு அரை அடி போட்டு தண்ணி தெளிச்சு இடிச்சு இடிச்சு உயத்த வேணும். செம்மண் பக்கம் எண்டா பிரச்சினை இல்லை. மன்னாரில முருங்கன் பக்கம் எண்டா வேற கதை, அந்தக் களிமண் (ஒரு காலத்தில காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்குப் போனது அந்த மண்தான்) மாரியில ஊதி, கோடையில கை போற அளவு வெடிக்கும். அதுக்கு மேல நேர சீமெந்து நிலம் இழுத்தா ரெண்டாம் வருசம் பாளம் பாளமாப் பிளக்கும். மேல் மண்ண அள்ளிப்போட்டு கிறவல் நிரப்பித்தான் எழும்ப வேணும்.

குழி வெட்டேக்க ஒரு விசயம். இப்பவும் சில இடங்களில மண்ணுக்குள்ள இருந்து துருப்பிடிச்ச இரும்பு, உருண்டை, டப்பா மாதிரிச் சாமான் வரும், சண்டை நேரத்து வெடிபொருளா இருக்கலாம். மண்வெட்டியால தட்டிப் பாக்காதேங்கோ, தூக்கி அங்கால எறியவும் வேண்டாம், அப்பிடியே வேலைய விட்டு ஆக்கள விலத்தி நிப்பாட்டி பொலிசுக்கு 119 இல அறிவியுங்கோ. சின்னப் பிள்ளையளுக்கும் சொல்லி வையுங்கோ.

கப்பும் கூரையும்

மரக் கப்பு (தூண்) எண்டா பாலை, முதிரை நல்லம். ஆனா காட்டில தறிக்கிறது, பெர்மிட் இல்லாமல் ஏத்திக்கொண்டு வாறது ரெண்டும் வழக்கில கொண்டுபோய் விடும், மரக்காலையில துண்டோட வாங்குங்கோ. பெண் பனைய உங்கட வளவில நிண்டாலும் அனுமதி இல்லாமல் தறிக்க ஏலாது, 1951 ஆம் ஆண்டுச் சட்டம். பிரதேச சபையிலயும் போடுறதுக்கு முதல் ஒருக்கா கேட்டுவையுங்கோ.

கப்ப நேர மண்ணுக்குள்ள நட்டா கறையான் ரெண்டு மூண்டு வருசத்தில வேலையக் காட்டும். முந்தி அடிய நெருப்பில கருக்கி நடுறவை, சிலர் கழிவு ஓயில் பூசுவினம், கொஞ்சக் காலம் தாங்கும். நான் இப்ப செய்யிறது இதுதான்: ரெண்டரை அடி ஆழத்துக்குக் குழி, அடியில 1:2:4 கலவையில (சீமெந்து ஒண்டு, மணல் ரெண்டு, சல்லி நாலு) கொங்கிறீற், அதுக்குள்ள ஒரு இரும்புப் பட்டையப் பதிச்சு, கப்ப அந்தப் பட்டையில நிலத்துக்கு மேல நாலு இஞ்சி தூக்கி நிக்கிற மாதிரி போல்ற் பண்ணுறது. மண்ணில முட்டாத மரத்துக்கு கறையான் ஏறவேணும் எண்டா வெளியால புத்துக் கட்டித்தான் ஏற வேணும், அது கண்ணுக்குத் தெரியும், தும்புத்தடியால தட்டிவிடலாம்.

கப்பு நிலத்துக்கு மேல எட்டரை அடி. அதில இருந்து இறப்பு, அதாவது கூரையின்ர வெளி விளிம்பு, மூண்டடி வெளிய நீள வேணும். ஓலைக் கூரைச் சரிவு 45 பாகைக்குக் கிட்ட வைச்சா, மூண்டடி வெளிய போகேக்க மூண்டடி கீழயும் இறங்கும், அப்ப இறப்பு நுனி அஞ்சரை அடியில வந்து நிக்கும். உயரமான ஆள் குனிஞ்சு போகத்தான் வேணும். "இதென்ன தலை இடிக்குது, உயத்தி விடுங்கோ" எண்டு எல்லாரும் கேப்பினம், விடாதேங்கோ. மார்கழியில மத்தியான வெயில் தெற்கால சாஞ்சு வரேக்க அந்த நுனியில இருந்து மூண்டரை அடிதான் உள்ளுக்கு வரும், அதாவது கப்புத் தாண்டி அரை அடி. சாரலும் அப்பிடித்தான். சரிவக் குறைச்சீங்களோ தண்ணி ஓடாமல் ஓலைக்குள்ள ஊறி நிண்டு உக்கிப்போகும்.

முகப்பில மேல வாற முக்கோணத்த மூடாதேங்கோ. சூட்டுக் காத்து ஏறி அந்த வழியாலதான் வெளிய போகும், காத்தே இல்லாத சித்திரையில உங்களுக்கு இருக்கிற ஒரே விசிறி அது. காகம் வரும் எண்டா கம்பி வலை அடியுங்கோ.

ஓலை எண்டா பனை ஓலைதான் என்ர தெரிவு. கிடுகு பின்ன லேசு, வேயவும் கெதி, ஆனா ரெண்டு மாரி கண்டா முடிஞ்சுது. பனை ஓலை நல்லா மிதிச்சு வேய்ஞ்சா அதப்போல ரெண்டு மடங்கு நிக்கும். இந்த மிதிக்கிற வேலையத்தான் இப்ப சுருக்கப் பாக்கிறாங்கள். பச்சை ஓலைய வெட்டின சூட்டோட நிலத்தில விரிச்சு, காலால மிதிச்சு விசிறி மாதிரித் தட்டையாக்கி, ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கி, மேல கல்லு வைச்சு ரெண்டு மூண்டு கிழமை விட வேணும். அப்பிடி விட்டா ஓலை ஒட்டிப் படிஞ்சு கிடக்கும், வேயேக்க இடைவெளி விடாது. எனக்கு ஒருக்கா வேய்ஞ்ச ஆள் வெட்டி நாலே நாளான ஓலையக் கொண்டுவந்து ஏத்திப்போட்டுக் காசையும் வாங்கிக்கொண்டு போயிற்றார், காயக் காய ஓலை சுருண்டு எழும்பி, ராத்திரியில கிடந்து பாத்தா நட்சத்திரம் தெரிஞ்சுது.

தகரம் ஏற்கனவே இருக்கெண்டா கழட்ட வேண்டாம், அதுக்கு மேல கிடுகு ஒரு படை போட்டுக் கட்டுங்கோ, என்ர பழைய பத்திக்கும் கடைசியில அதத்தான் செய்தன், சூடு பாதியாக் குறைஞ்ச மாதிரி இருந்தது, மழைச் சத்தமும் போச்சு. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்ற வாங்கி வாளால அறுக்கிற வேலை மட்டும் வேண்டாம், அந்தத் தூசி சுவாசப்பைக்குள்ள போனா வெளிய வராது.

காத்துக்குக் கட்டுறத மறக்காதேங்கோ. 2020 மார்கழி 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கால கரையேறி வன்னிக்குள்ளால மன்னார்ப் பக்கம் போகேக்க பறந்தது முக்கால்வாசி ஆணியில மட்டும் நிண்ட கூரையள். கைமரத்த (கூரைச் சரிவில போற மரம்) வளையோடயும் (கப்புக்கு மேல கிடக்கிற மரம்), வளையக் கப்போடயும் இரும்புப் பட்டை வைச்சு இறுக்குங்கோ. திறந்த கொட்டிலுக்கு காத்து கீழால பூந்துதான் தூக்கிறது.

வடகிழக்குப் பக்கத்துக்கு ரெண்டு கிடுகுத் தட்டி தனியாச் செய்து வையுங்கோ, ஐப்பசியில கட்டி தையில அவிட்டு வைக்கிற மாதிரி. நிரந்தரமாச் சுவர் வைச்சா சோளகத்தில உள்ளுக்கு வந்த காத்து வெளிய போக வழி இல்லாமல் நிக்கும்.

நிலமும் திண்ணையும் மிச்சமும்

ரைல்ஸ் வேண்டாம். மாரியில ஈரக் காலோட பிள்ளையள் விழும். சாணம் மெழுகின மண் நிலம்தான் காலுக்குக் குளிர்ச்சி, ஆனா கிழமைக்கு ஒருக்கா மெழுக ஆள் வேணும், ஆள் இல்லாட்டி சொரசொரப்பாச் சீமெந்து இழுங்கோ. பத்தடிக்கு ரெண்டு இஞ்சி வெளிப்பக்கம் சரிவு, மேசன் இழுக்கேக்க பக்கத்தில நிண்டு ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்கோ, காஞ்சாப் பிறகு பாத்துப் பிரயோசனமில்லை. சுத்திவர ஒண்டரை அடி உயரத்தில ஒரு குந்து கட்டினா கதிரைச் செலவு மிச்சம், அதில இருந்து வெத்திலை போட்டுக் கதைக்கிற சுகம் பிளாஸ்ரிக் கதிரையில இல்லை. இறப்புத் தண்ணி விழுற இடத்தில சல்லி போட்டு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டுவிடுங்கோ.

இலங்கையில மலேரியா இல்லை எண்டு 2016 இல உலக சுகாதார அமைப்பு அறிவிச்சாச்சு, ஆனா நுளம்புக்கு அந்த அறிவிப்பு போகேல்லை. டெங்கு இருக்கு. சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, பந்தல் பைப்பின்ர திறந்த வாய், இதுகளில தண்ணி நிக்க விடாதேங்கோ. பின்னேரத்தில ஒரு மேசை பான் கீழ வைச்சு காலுக்கு அடிக்க விட்டா, நுளம்புக்கு அந்தக் காத்தில பறக்க ஏலாது. பல்ப்ப இருக்கிற இடத்துக்கு மேல போடாமல் பத்தடி தள்ளி மஞ்சள் வெளிச்சமாப் போடுங்கோ, முதல் மழைக்கு ஈசல் வரேக்க ஏன் எண்டு விளங்கும். வயர பைப்புக்குள்ளால இழுங்கோ, அணில் கடிக்கும், ரிப் சுவிச் கட்டாயம்.

குந்துக்குக் கீழ, ஓலை அடுக்குக்குள்ள, விறகுக் கும்பிக்குள்ள புடையன் படுக்கும். கொட்டிலச் சுத்தி ஆறடிக்குப் புல்லுச் செருக்கி வெறும் நிலமா வையுங்கோ, அடிக்கடி கூட்டினாலே காணும். யானை வாற ஊரெண்டா நெல்லு மூட்டையையும் வாழைக் குலையையும் கொட்டிலுக்குள்ள ராத்திரிக்கு விடக்கூடாது, வாசம் பிடிச்சு வந்து கப்பையே பிடுங்கும். பின்னேர இடிமழைக் காலத்தில, சித்திரையிலயும் ஐப்பசியிலயும், மின்னல் துவங்கினா எழும்பி வீட்டுக்குள்ள போங்கோ, வேம்புக்குக் கீழ நிக்க வேண்டாம்.

வேலை துவங்க நல்ல காலம் ஆனி ஆடி. மண் இறுகிக் கிடக்கும், கொங்கிறீற்றுக்கு மட்டும் சாக்குப் போட்டு காலமை பின்னேரம் தண்ணி விட வேணும், ஒரு கிழமைக்கு. ஓலைய ஆடி கடைசியிலயே வெட்டுவிச்சு மிதிச்சு அடுக்கிப் போடுங்கோ, ஆவணியில வேய்ஞ்சு முடிச்சிடலாம். புரட்டாதி பிறந்தாப் பிறகு வேயிற ஆக்களத் தேடினா போனே எடுக்க மாட்டினம், எல்லாற்ற கூரையும் அப்பதானே ஞாபகம் வாறது.